மீனுக்குப் பிடித்த புழு

மீனின் வயிற்றைப் பார்க்காமல் நான் யாருக்கும் லூர் எடுத்துக் கொடுத்ததில்லை. லூர் என்றால் பொய் இரை. தகடு, மரம், ரப்பர், இறகு என்று கையில் கிடைத்ததை வைத்து மீனை ஏமாற்றுவதற்காகவே செய்கிற சாமான். எங்கள் கடையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அதுதான் தொங்குகிறது. உள்ளே நுழைகிறவன் முதலில் வாயைப் பிளப்பான், பிறகு பத்து நிமிஷம் சுவர் சுவராக மேய்வான், கடைசியில் என் முன்னால் வந்து நிற்பான்.

"அக்கா, எதைப் போடறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பதினோரு வருஷமாக என் வேலை. கடை என் அக்கா புருஷனுடையது. மாமா என்று கூப்பிடுவேன். என் கல்யாணம் முறிந்து ஒரு சூட்கேஸோடு நான் வந்து நின்றபோது, கடைக்கு மேலே சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தவர். அந்த நன்றி எனக்கு உண்டு. மாதத்துக்கு இரண்டு தடவை அதை அவரே எடுத்துக் காட்டுவார், அது வேறு கதை.

கடையின் பின்பக்கம் ஒரு கல்மேடை, ஒரு குழாய், இரண்டு கத்தி. ஏரியில் பிடித்த மீனைக் கொண்டுவந்தால் இலவசமாகச் சுத்தம் செய்து கொடுப்பேன். பதிலுக்கு இரைப்பை எனக்கு. அதைக் கீறி ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பார்ப்பேன். பொடி மீன் இருந்தால் எவ்வளவு நீளம், என்ன நிறம். இறால் இருந்தால் ஓடு கெட்டியா இளசா. தும்பிப் புழுவா, தவளைக் காலா. மீன் இந்த வாரம் எதைத் தின்கிறதோ அதைப் போன்ற லூரைத்தான் சுவரிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கடை வாசல் பலகையிலும் அதைத்தான் எழுதுவேன்.

எனக்கு இயல்பிலேயே அருவருப்பு அதிகம். பிறர் குடித்த டம்ளரைத் தொடமாட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவுவேன். அப்படிப்பட்டவளுக்கு மீன் குடல் ஒருநாளும் குமட்டியதில்லை. அதில் இருந்ததெல்லாம் ஏரியில் பிறந்து வளர்ந்த சாமான். அதை நம்பி நான் ஒரு சொல் சொல்வேன், அந்தச் சொல் பலித்துவிடும். வேறு சொத்து எனக்குக் கிடையாது. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் பதினோரு வருஷத்தில் நான் ஒரு பொய் சொன்னதில்லை. கடையில் இருக்கிற சரக்கு முழுவதும் பொய் என்பதால், கடைக்காரியாவது உண்மை பேசவேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

குமட்டல் ஆரம்பித்தது மாமா சொந்தமாகப் புழு செய்ய ஆரம்பித்த பிறகு.

பின்வாசல் கொட்டகையில் ஒரு அடுப்பு, நாலு அச்சு வாங்கிப் போட்டார். பிளாஸ்டிக் குழம்பைக் காய்ச்சி, ஊதா நிறம் கலந்து, தங்க மினுக்கு தூவி, பூண்டு எசன்ஸ் ஊற்றி அச்சில் வார்ப்பார். ஒரு சாண் நீளத்துக்குக் கொழகொழவென்று வந்து விழும். அந்த வாசனை இருக்கிறதே, செருப்புக்கடையில் யாரோ பூண்டை வதக்கியது போல. என் அறை ஜன்னல் கொட்டகைக்கு நேர் மேலே. தலையணை உறைவரை அந்த நாற்றம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். மாமா அந்தப் புழுவை உள்ளங்கையில் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேசுவார்.

புழு பார்க்க எப்படி இருந்தால் என்ன, தொலையட்டும். ஆனால் அது ரொம்ப மெத்தென்று இருந்தது. மீன் ஒரு கடி கடித்தால் முள்ளிலிருந்து பிய்ந்து போய்விடும். பாதி நேரம் மீனும் தப்பிவிடும், புழுவும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

"மாமா, கொஞ்சம் கெட்டியா வாருங்களேன். ஒரு கடிக்கே பிஞ்சு போகுது" என்றேன்.

"கெட்டியா வார்த்தா ஒரு புழுவ வச்சுக்கிட்டு ஒரு மாசம் ஓட்டுவானுங்க. அப்புறம் நான் எதை விக்கிறது, உன் அக்கா தலைமுடியையா?" என்றார்.

முதல் புழுவை ஒரு மீன் வயிற்றில் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். தட்டில் கவிழ்த்ததும் என்னவென்று எனக்கே புரியவில்லை. ஊதா வெளுத்துப் போய், ஊறி, இரண்டு மடங்கு பருத்து, முதியவரின் விரல் போலக் கிடந்தது. மினுக்கு மட்டும் அப்படியே இருந்தது. கையில் எடுத்தேன். வழுக்கியது. அன்று நான் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் ஒரே மீனில் மூன்று. மழை முடிந்த பிறகு ஆறு. இந்தக் கண்றாவி செரிக்கவும் செரிக்காது, வெளியேயும் போகாது. இரைப்பை முட்ட அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்து மீன் பட்டினி கிடக்கும். தலை பெரிதாக, உடம்பு சூம்பி, முதுகு கத்திமுனை போல ஒடுங்கிய மீன்கள் வர ஆரம்பித்தன. சினை பிடிக்கிற பருவத்தில் சினை இல்லை. பொடி மீனும் இறாலும் என் வெள்ளைத் தட்டில் விழுவது நின்றே போயிற்று. கத்தியை வைத்தால் பூண்டு நாற்றம்தான் வந்தது.

ஒரு தட்டை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மாமாவுக்கு முன்னால் வைத்தேன். ஒன்பது புழுக்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். முகம் மலர்ந்தது.

"ஒம்பதா! ஒரே மீன்லயா?"

"ஆமா மாமா. பாருங்க, மீன் எப்படி இருக்குன்னு."

"நீதானே சொல்லுவ, வயித்துல என்ன இருக்கோ அதைத்தான் போடணும்னு? வயித்துல என் புழு இருக்கு! வேற ஒண்ணுமே இல்ல பாரு. பொடி மீனக்கூட விட்டுட்டு இதைத் தேடித் தேடித் தின்னிருக்கு!"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது அந்த மனிதருக்கு. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டது போல அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். என் வழியையே என்னிடம் திருப்பிப் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே இன்னும் நாலு அச்சுக்கு ஆர்டர் கொடுத்தார். புழு அதிகம் பிய்ந்தது, அதிகம் விற்றது, அதிகம் வயிற்றில் சேர்ந்தது, வயிற்றில் பார்த்தவர்கள் இன்னும் அதிகம் வாங்கினார்கள். தூ என்று துப்பவேண்டும் போல இருந்தது. யார்மேல் துப்புவது?

எங்கள் ஏரியில் வருஷத்துக்கு ஒரு தூண்டில் போட்டி நடக்கும். நானூறு பேர் வருவார்கள். அதில் ஒரு விதி: எல்லோரும் ஒரே லூரைத்தான் போடவேண்டும், அப்போதுதான் திறமை தெரியுமாம். எந்த லூர் என்பதை நடத்துகிற சங்கம் முடிவு செய்யும். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். இந்த வருஷம் அவர் கடைக்கு வந்து, "உங்க மச்சினி கை ராசி ஊருக்கே தெரியும். அவங்க ஒண்ணு சொன்னா போதும், அதையே அறிவிச்சிடுவோம்" என்றார்.

மாமா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அன்று காலையில் வந்த மீன் ஒன்றை மேடையில் தயாராக வைத்திருந்தார். "டாக்டர் முன்னாடி கிழிச்சுக் காட்டும்மா. நீயே சொல்ல வேண்டாம், மீனே சொல்லட்டும்."

கிழித்தேன். பதினேழு. கடைசி இரண்டு தொண்டையிலேயே சிக்கியிருந்தன, விரலை விட்டு இழுக்கவேண்டியிருந்தது. ஊறின பிளாஸ்டிக்கும் பித்தநீரும் பூண்டும் சேர்ந்து ஒரு நாற்றம் எழும்பியது. பல் டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"பாத்தீங்களா டாக்டர்? பதினேழு! உலகத்துல எந்தக் கம்பெனிக்காரனாவது இப்படி ஒரு சாட்சி காட்ட முடியுமா?" என்றார் மாமா.

"அபாரம்" என்றார் டாக்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. மீனைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "முதுகப் பாருங்க டாக்டர். சதையே இல்ல. சினை இருக்க வேண்டிய இடத்துல தோல்தான் இருக்கு. வயிறு அடைச்சுக்கிட்டுப் பட்டினியில செத்துக்கிட்டு இருக்கு இது. இந்த ஏரியில பாதி மீன் இப்படித்தான் இருக்கு."

டாக்டர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது.

"பட்டினியா?" என்றார். "அப்போ நல்லதாப் போச்சே. பசியில நல்லா கடிக்கும்."

மாமா சிரித்தார். டாக்டரும் சிரித்தார். பல்லெல்லாம் சுத்தமாக வரிசையாக இருந்தது. நான் மீனை மேடையில் போட்டேன். அது விழுந்த சத்தம் ஈரத்துணி விழுந்தது போல இருந்தது.

"ஆமா, இதை நீங்க வீட்ல சமைப்பீங்களா?" என்று டாக்டர் மாமாவைக் கேட்டார், பேச்சுக்கு.

"சீச்சீ! ஏரி மீனா? நாங்க கடல் மீன்தான்" என்றார் மாமா.

கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனேன். ஒரு ஸ்பூனை எடுத்து வந்து டாக்டர் கையில் வைத்தேன். ஸ்பூன் என்பது கரண்டியின் காம்பை வெட்டிவிட்டது போல ஒரு வளைந்த தகடு, நுனியில் ஒரு முள். மினுக்கு கிடையாது, வாசனை கிடையாது. தண்ணீருக்குள் இழுத்தால் அடிபட்ட பொடி மீன் போல நொண்டி நொண்டி வரும். பிய்யாது. மீன் வயிற்றுக்குள் தங்காது. ஒன்று வாங்கினால் நாமாகத் தொலைக்கிறவரைக்கும் போதும்.

"இதுதான் என் தேர்வு டாக்டர். வேற எதுக்கும் நான் பேர் குடுக்க மாட்டேன்."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன இருக்கு? வெறும் தகடு" என்றார். மாமா அவர் தோளில் கை போட்டு வாசலுக்கு நடத்திக்கொண்டே, "வீட்டுப் பேச்சு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏரிக்கரை நுழைவாயிலில் பேனர் ஏறியது. என் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்தது. பக்கத்தில் ஊதா நிறத்தில் புழு, என் கன்னத்தை முத்தமிடுகிற மாதிரி. கீழே கொட்டை எழுத்தில்: இந்த ஆண்டு, அக்காவின் தேர்வு.

அந்தப் புகைப்படம் என்னிடம்கூட இல்லை. அக்காவின் பீரோவில் இருந்தது, அவள் மகள் பிறந்தநாளுக்கு எடுத்தது. மாடியேறிப்போய்க் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா குடுத்த?"

"நான்தான் குடுத்தேன். இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" தலை நிமிரவில்லை. "உன் மூஞ்சி எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க பாத்தியா? வாழ்க்கையில ஒருத்தர் உன்னை இப்படிக் கொண்டாடியிருக்காங்களா?"

"நான் அதைச் சொல்லவே இல்லக்கா. பொய்க்கு என் மூஞ்சியைக் குடுத்திருக்க."

"மீன் என்னத்தையோ தின்னுட்டுப் போகுது. அதுக்காக உங்க மாமாவோட முறைச்சுக்கிட்டு எங்கடி போவ? சூட்கேஸத் தூக்கிட்டு? அவருக்கு இது ஒண்ணுதான் சந்தோஷம். கண்ண மூடிக்கிட்டு இரு. ஒரு வாரத்துல போட்டி முடிஞ்சா எல்லாரும் மறந்திருவாங்க."

என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. அவள் மடித்து வைத்த துணியில்கூடப் பூண்டு நாறியது. அவளுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

கண்ணை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது. போட்டி நாள் காலையில் மாமாவுக்கு முன்பே கிளம்பி ஏரிக்கரைக்குப் போனேன். நுழைவாயிலுக்கு உள்ளே மாமா புழு விற்கிற மேசை. மாமா வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் அந்த மேசைக்கு வரிசை வளைந்து நின்றது. வரிசையின் வாலில் ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நான் இதைத் தேர்ந்தெடுக்கல. பேனர்ல இருக்கறது பொய். இந்தப் புழு பிஞ்சு மீன் வயித்துல தங்குது. வேணாம். ஸ்பூன் போட அனுமதி கேளுங்க, எல்லாரும் சேர்ந்து கேட்டா விதியை மாத்துவாங்க."

முதல் ஆள் தன் கூட்டாளியைப் பார்த்தான். கூட்டாளி புருவத்தை உயர்த்தினான். இருவரும் சேர்ந்து, "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினார்கள். நான் நாலடி நகர்ந்ததும் ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. "டேய், நாலு பாக்கெட்டா வாங்கு."

புரியாமல் மேலே போனேன். நான் சொல்லச் சொல்ல வரிசையில் ஒரு பரபரப்பு. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இடித்தார்கள். "வேணாம்னு சொல்றாங்கடா, அக்காவே வந்து வேணாம்னு சொல்றாங்க!" என்று யாரோ ஒருவன் கத்தினான், புதையல் கிடைத்த குரலில். பத்து நிமிஷத்தில் மேசையில் தள்ளுமுள்ளு. மாமா கொட்டகைக்கு ஆள் அனுப்பி இன்னொரு பெட்டி கொண்டுவரச் சொன்னார்.

வரிசையின் நடுவில் தொப்பிக்காரர் நின்றார். முடிவெட்டுவது தொழில், தன் தலையில் ஒரு முடி கிடையாது. வெயிலுக்குப் போடுகிற துணித்தொப்பியில் இருபது லூராவது குத்தி வைத்திருப்பார். அதில் முக்கால்வாசி நான் எடுத்துக் கொடுத்தவை. நான் கடைக்கு வந்த முதல் வாரத்திலிருந்து என்னிடம் வாங்குகிறவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது நம்புங்க. என்ன நடக்குது இங்க?"

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "என்னம்மா புதுசா கேக்கறீங்க? தூண்டில்காரன் ஒருத்தன் ஒரு இடத்தைக் காட்டி, இங்க மீனே இல்லன்னு சொன்னா, நாங்க என்ன பண்ணுவோம்?"

"என்ன பண்ணுவீங்க?"

"அங்கயே உக்காருவோம்." சிரித்தார். "அவன் மீனை அவனுக்குன்னு வச்சிருக்கான்னு அர்த்தம்."

"நான் எதையும் ஒளிக்கலையே! பதினோரு வருஷத்துல உங்ககிட்ட ஒரு தடவை பொய் சொல்லியிருக்கேனா?"

தொப்பிக்காரர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்ததுல நாங்க மீன் பிடிச்சோம், இல்லன்னு சொல்லல. ஆனா முதல் தரத்தை உள்ள எடுத்து வச்சுக்கிட்டு ரெண்டாம் தரத்தத்தான் எங்களுக்குக் குடுப்பீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல தப்பே இல்லம்மா. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன். இன்னைக்குத்தான் மாமா உங்களை மீறி முதல் தரத்த வெளிய விட்டுட்டாரு. அந்த வயித்தெரிச்சல் உங்களுக்கு இருக்கும்ல?"

வரிசை நகர்ந்தது. அவர் ஆறு பாக்கெட் வாங்கினார்.

அவர் சொன்னதை நான் நின்ற இடத்திலேயே நின்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எத்தனை வயிறு கிழித்திருப்பேன்? எத்தனை தடவை, நாலு லூரைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நிறம் சரியா என்று பார்த்து, உண்மையிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்திருப்பேன்? வாங்கிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் வாசல்படி இறங்கும்போது, கள்ளி, நல்லதை வைத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திட்டிக்கொண்டுகூட இல்லை. மெச்சிக்கொண்டு. அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

அன்று நானூறு பேர் காலைமுதல் மதியம்வரை அந்தக் கருமத்தை ஏரிக்குள் எறிந்தார்கள். கரையோரத் தண்ணீரில் பிய்ந்த ஊதா வால்கள் நுரையோடு ஒதுங்கின. ஜெயித்த மீனைத் தராசில் தொங்கவிட்டபோது அதன் வாயிலிருந்து ஒரு வெளுத்த வால் எட்டிப் பார்த்தது. அதற்கும் கைதட்டினார்கள். மாமா என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார். "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. வரிசையில நின்னு நீ பேசின பேச்சு இருக்கே, அப்படி விக்க என்னாலகூட முடியாது."

நான் போய் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

அடுத்த நாள் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். வாடகை அறை பார்க்கலாமா, வேறு வேலை தேடலாமா என்று யோசனை. அப்போது ஒருத்தன் வந்தான். புதுக் கோல், புது ரீல், பழைய கேள்வி.

"அக்கா, எதைப் போடறது?"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சுவரில் ஸ்பூன்கள் தொங்குகிற வரிசையை நோக்கிக் கையை நீட்டினேன். "அந்த வரிசையை மட்டும் தொடாதீங்க. அது எனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்குப் புழுதான். நல்ல புழு, வாங்கிட்டுப் போங்க."

அவன் கண் ஸ்பூன் பக்கம் போயிற்று. என் பக்கம் வந்தது. மறுபடி ஸ்பூன் பக்கம் போயிற்று. மெதுவாக நடந்துபோய், நான் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டைக் கழற்றினான். காசை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, அக்கா ஸ்பூனைப் பூட்டி வைக்கிறாள் என்று. நான் ஸ்பூனை நிஜமாகவே எடுத்து கல்லா மேசைக்கு அடியில் வைத்தேன். கேட்டால் இல்லை என்றேன். இரண்டு தடவை கெஞ்சினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று கொடுத்தேன். சுளிப்பதற்கு நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தொப்பிக்காரர் கண்ணடித்துவிட்டு மூன்று வாங்கிக்கொண்டு போனார். "இப்பத்தாம்மா வழிக்கு வந்திருக்கீங்க" என்றார். புழு பெட்டி பெட்டியாகத் தேங்கியது. மாமா கொட்டகையில் அடுப்பு பற்றவைக்காமல் வாசலில் உட்கார்ந்து தாடையைச் சொறிந்தார். மூன்று வாரத்தில் ஐந்நூறு ஸ்பூனுக்கு ஆர்டர் போட்டார்.

என் அறை ஜன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. வெள்ளைத் தட்டில் ஒருநாள் பழைய புழுக்களுக்கு நடுவே ஒரு பொடி மீன் விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். பட்டேன் என்றும் சொல்லலாம். ஆனால் நாளெல்லாம் பொய் பேசிவிட்டு மாடியேறினால் வாய்க்குள் ஏதோ பாசி பிடித்தது போல இருக்கும். பல் தேய்ப்பேன், போகாது. இவர்களை வளைப்பதற்கு இத்தனை சின்ன முள் போதுமா என்று நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மேலும் அருவருப்பு, என்மேலும் அருவருப்பு.

போன சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். இதற்குமுன் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. கோலைப் பிடித்திருந்த விதத்திலேயே தூண்டில் போட்டதில்லை என்று தெரிந்தது, குடை மாதிரி கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள், பழைய ஆட்கள். கெஞ்சி வாங்கின ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு அடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் சுவரையெல்லாம் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். அந்த இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்ததில் மேசைமேல் மிஞ்சிக் கிடந்த ஒரு ஸ்பூனை எடுத்துக் காட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்காரு, ஏரிக்கரையில உக்காரணும்னு ஆசைப்படறாரு. கடைக்காரங்க கிட்ட கேளு, அவங்க சொல்றதை அப்படியே வாங்குன்னு சொன்னாரு. இது நல்லா இருக்குமா?"

அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம், நல்லது, இதுதான் நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் கையில் இருந்த ஸ்பூன் அந்த நிமிஷமே மேசைக்குத் திரும்பிவிடும். மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கொட்டகையில் அடுப்பு எரியும்.

"அது வேணாங்க. அது சரியா வராது" என்றேன்.

அவள் கண் சுவர்ப்பக்கம் போகவில்லை, சந்தேகமாக என்னையும் பார்க்கவில்லை. சுட்டுவிட்டது போல ஸ்பூனைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"அப்படியா? நல்லவேளை கேட்டேன். அப்போ எது வாங்கறது?"

நான் புழுப் பெட்டியைக் காட்டினேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். நிஜமாகவே நன்றியோடு சொன்னாள். பையைத் திறந்து பிடித்தாள். நான் இரண்டு பாக்கெட் எடுத்துப் போட்டேன். முள்ளில் எப்படிக் கோர்க்கவேண்டும் என்று கேட்டாள். அதையும் செய்து காட்டினேன்.